ஊரில் ஒரு நூலகம் தொடங்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் ஒரு நூலகம் தொடங்கலாம் என்று நாலைந்து பேர் கூடிப் பேச ஆரம்பித்ததும் முதலில் எழும் கேள்வி, புத்தகத்துக்கு எங்கே போவது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புத்தகம் எப்படியும் வந்து சேரும், கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது. நம் ஊரில் யாரெல்லாம் நூலகப் பக்கமே வருவதில்லை, ஏன் வருவதில்லை என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இடம், நேரம், புத்தகம், நிகழ்ச்சி எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். ஆக, வாசிக்கத் தெரியாத குறை இங்கே பெரிதில்லை. பள்ளிக்கூடம் முடித்து இருபது வருடம் ஆன ஒரு அக்காவின் கையில் பிள்ளையின் பாடப் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் தவிர வேறு அச்செழுத்து எதுவும் வருவதில்லை என்பதுதான் நம் குறை. அவர் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், அங்கே அவரை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில், இருப்பதைப் பாருங்கள்

புதிதாக ஒன்று தொடங்கும் முன், பக்கத்தில் அரசு நூலகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, அதன் கீழ் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் என்று மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கின்றன. பலருக்குத் தெரியாத விஷயம், இவற்றுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1948 இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், ரூபாய்க்குப் பத்து பைசா வீதம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் தனியாகப் போட்டிருக்கும். நம் காசில் நடக்கிற இடம் அது, உரிமையோடு போகலாம்.

அப்படி ஒரு நூலகம் இருந்தால் அதை உயிர்ப்பிப்பதுதான் நல்லது. அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. சில இடங்களில் அது நன்றாக நடக்கும், சில இடங்களில் பெயர்ப்பலகையோடு நிற்கும். நூலகரிடம் போய், "சார், வாசகர் வட்டத்தில் சேர வேண்டும், மாதம் ஒரு கூட்டம் நாங்கள் நடத்திக்கொள்கிறோம், நாற்காலி எடுத்துப் போடுவதும் நாங்களே" என்று சொல்லுங்கள். ஊர்ப்புற நூலகங்களைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் திறந்து, பெருக்கி, பதிவு எழுதி, பூட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கும். குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய அவருக்கு, வேலை செய்ய நாலு பேர் வந்து நின்றால் எவ்வளவு பெரிய தெம்பு என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகும் திட்டமும் இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லலாம்.

பக்கத்தில் எதுவுமே இல்லை, அல்லது நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பிள்ளைகள் மெயின் ரோட்டைக் கடந்து போக முடியாது என்றால் மட்டும் சொந்தமாக ஒன்று தொடங்குங்கள். இது நம் மண்ணுக்குப் புதிய விஷயமே கிடையாது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர் கொச்சியோடும் இருந்தவர்கள். அந்தத் திருவிதாங்கூரில்தான் 1945 இல் அம்பலப்புழையில் கிராம நூலகங்கள் பல ஒன்றுகூடி ஒரு சங்கமாகச் சேர்ந்தன. சாதாரண ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போய் புத்தகம் சேகரித்து, ஒற்றை அறையில் பத்திரிகை போட்டு நடத்திய வாசகசாலைகள் அவை. நம் ஊர்களிலும் 'படிப்பகம்' என்று சுவரில் எழுதிய பழைய கட்டடம் எங்காவது பூட்டிக் கிடக்கலாம். சாவி யாரிடம் என்று கேட்டுப் பாருங்கள்.

யாருக்கு எப்போது ஓய்வு

இந்த வேலைக்கு ஒரு நோட்டும் நடப்பதற்குக் காலும் போதும். தெருத் தெருவாகப் போய்ப் பேசுங்கள். என்ன புத்தகம் பிடிக்கும் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் கூச்சப்பட்டு எதையாவது சொல்லி வைப்பார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எப்போது கொஞ்சம் உட்காருவீர்கள் என்று கேளுங்கள்.

குமரி மாவட்டத்தில் பத்து கிலோமீட்டருக்குள் ஊரின் நேரமே மாறிவிடும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள், மதியத்தோடு வேலை முடிந்துவிடும். மழை நாளில் வெட்டு கிடையாது. தோவாளையில் பூச்சந்தை விடிகாலையிலேயே சூடு பிடித்துவிடும். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்கள் சாயங்காலம் வந்ததும் அடுப்படிக்குள் போய்விடுவார்கள், அவர்களுக்கு ஞாயிறு பிற்பகலை விட்டால் நேரமே இல்லை. கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, ஆனால் காலையில் சர்ச்சில் பூசை உண்டு. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது ஊரில் ஆண்கள் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தை நூலகம் வீணாக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுதி வைத்த பிறகு திறக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். தினமும் எட்டு மணி நேரம் திறக்க உங்களிடம் ஆள் இருக்காது. வாரத்தில் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம் போதும், ஆனால் சொன்ன நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாவது தடவை வரமாட்டார்.

இடம்

இதைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். கோயில் வளாகம், சர்ச் வளாகம், பள்ளிவாசல் வளாகம், சாதிச் சங்கக் கட்டடம் இவற்றில் எதிலும் ஆரம்பிக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதியாகவும் அவர்களோடு முஸ்லிம்களும் வாழ்கிற மாவட்டம் இது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தின் நினைவு பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஓர் அம்மா தன் பிள்ளையை அனுப்பும் முன் "அது யாருடைய இடம்?" என்றுதான் கேட்பார். அதற்கு "ஊருடையது" என்று பதில் சொல்ல முடிகிற இடமாகத் தேடுங்கள். பஞ்சாயத்துக் கட்டடம், பால் சொசைட்டியின் பழைய அறை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கடை, எதுவானாலும் சரி. வேறு வழியே இல்லாமல் வழிபாட்டுத் தலத்துக்குச் சொந்தமான கூடம்தான் கிடைக்கிறது என்றால், வாசல் ரோட்டுப் பக்கம் தனியாக இருக்க வேண்டும், உள்ளே படம், சின்னம் எதுவும் இருக்கக் கூடாது, நடத்தும் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தரைத்தளமாகப் பாருங்கள். முட்டு வலிக்கிற பாட்டியும் சக்கர நாற்காலியில் வருகிற தம்பியும் மாடி ஏற மாட்டார்கள். வாசலில் படி இருந்தால் சாய்தளம் போடுங்கள், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நம் ஊரில் பல இடங்களில் அதைச் செங்குத்தாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் சக்கர நாற்காலி ஏறாது, மோட்டார் சைக்கிள்தான் ஏறும். கழிப்பறையும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஈரம் புத்தகத்துக்கு எமன். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும், புத்தகங்களை இறுக்கி அடைக்காதீர்கள். வெயில் வரும் நாளில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். பூஞ்சை பிடித்த புத்தகத்தை மற்றவற்றோடு வைக்காதீர்கள், நிழலில் விரித்து உலர்த்தி, உலர்ந்த துணியால் துடைத்த பிறகு சேருங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைக்கிறார்கள், வைக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை எல்லாப் புத்தகத்தையும் வெளியே எடுத்துத் தட்டி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

புத்தகங்கள்

நன்கொடை கேட்டால் முதலில் வருவது பழைய பாடநூல்கள், பாடத்திட்டம் மாறிப்போன தேர்வு கைடுகள், பாதி கிழிந்த வார இதழ்கள். வாங்கும்போதே "எங்களுக்குப் பயன்படாததைப் பழைய பேப்பர் கடையில் போட்டுக்கொள்ளலாமா அக்கா?" என்று அனுமதி கேட்டுவிடுங்கள், பிறகு மனவருத்தம் இருக்காது. அலமாரி நிறைந்திருப்பது முக்கியமில்லை. கையில் எடுக்கத் தோன்றும் முந்நூறு புத்தகம், யாரும் தொடாத மூவாயிரத்தைவிட நல்லது.

பாதிக்கு மேல் சிறுவர் புத்தகமாக இருக்கட்டும், படம் உள்ளவை, பெரிய எழுத்தில் உள்ளவை. அவற்றைக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில், முன்னட்டை தெரியும்படி வையுங்கள். பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பார்வை மங்கிய பெரியவர்களும் எடுத்துப் போவார்கள், அதற்கென்று தனித்தட்டில் "முதியோர்" என்று எழுதி ஒட்டாதீர்கள், யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

அடுத்து நம் ஊரின் தட்டு. தேரூரில் பிறந்த கவிமணியிலிருந்து இன்று எழுதுகிறவர்கள் வரை இந்த மாவட்டத்தின் எழுத்து ஒரு தட்டில் கண்ணில் படும்படி இருக்கட்டும். தேங்காப்பட்டணமும் மணிகட்டிப்பொட்டலும் வீரநாராயணமங்கலமும் தமிழ் இலக்கியத்துக்கு யாரையெல்லாம் கொடுத்திருக்கின்றன என்று நான் பட்டியல் போட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பாட்டி பேசுகிற பேச்சு அப்படியே அச்சில் இருப்பதை முதல் தடவை பார்க்கும்போது, படிப்பு என்பது வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணம் அவனுக்குள் உடைகிறது. இந்தத் தட்டு அதற்காகத்தான்.

விளவங்கோடு பக்கம் மலையாளம் வாசிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு மலையாளத் தட்டும் ஒரு மலையாள நாளிதழும் போடுங்கள். கட்டுமான வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்திருக்கிற வடமாநிலத் தம்பிகளுக்கு இந்தியிலும் வங்காளியிலும் பத்துப் புத்தகம் கிடைத்தால் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய் உட்கார ஊரில் வேறு எந்த இடமும் கிடையாது. பெண்கள், தலித் எழுத்தாளர்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய நூல்களைத் தேடி வாங்குங்கள். அவற்றைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல் எல்லாவற்றோடும் கலந்து வையுங்கள். மதத்தைப் பற்றி ஒன்று: ஒரு மதத்தின் நூலை ஏற்றுக்கொண்டால் எல்லா மதத்தின் நூலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஆளைத் தன் பக்கம் இழுக்க அச்சடித்த துண்டுப் பிரசுரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வேண்டாம்.

பார்வையற்றவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், அவர்களை நூலகக்காரர்கள் நினைப்பதே இல்லை. 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான வடிவங்களில் புத்தகங்கள் இருக்கின்றன. உறுப்பினராவதற்கு உதவி செய்யுங்கள், போனில் கேட்கக் கற்றுக்கொடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும்படியாக நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்ற, லாப நோக்கம் இல்லாதபோது, இடம் கொடுக்கிறது. ஆக, குரல் நன்றாக இருக்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி அவருக்காக ஒரு நாவலை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம்.

எழுதப்படாததும் நிறைய இருக்கிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர்கள் வைத்திருக்கும் சொற்கள், பேச்சிப்பாறை மலைப்பக்கத்துப் பழங்குடிகளான காணிக்காரர்களின் கதைகள், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலில் இருந்தவர்களின் அனுபவங்கள். சொல்ல விரும்புகிறவரிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள், எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு நூலாகத் தைத்து அலமாரியில் வையுங்கள். அட்டையில் அவர் பெயர்தான் வரவேண்டும், பதிவு செய்தவர் பெயர் உள்ளே சின்னதாக இருந்தால் போதும்.

இரவல்

பூட்டி வைக்க வேண்டாம். முன்பணம் வேண்டாம். தாமதமானால் அபராதம், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வேண்டவே வேண்டாம். பத்து ரூபாய் அபராதம் வசதியான வீட்டுக்கு ஒன்றுமில்லை, இல்லாத வீட்டில் அம்மா "இனி அங்கே போகாதே" என்று சொல்லிவிடுவார், ஒரு புத்தகத்துக்காக ஒரு வாசகரை இழப்போம். சில புத்தகம் தொலையத்தான் செய்யும். கிழித்துக் கொண்டுவந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி ஒட்டுவது என்று காட்டி, அவன் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

ஒரு நீள நோட்டில் தேதி, பெயர், தெரு, புத்தகம், திரும்பிய தேதி என்று ஐந்து கட்டம் போட்டால் பதிவேடு தயார். யார் எதை எடுத்தார் என்பதை வெளியே பேசாதீர்கள். சின்ன ஊரில் இது ரொம்ப முக்கியம்.

நிகழ்ச்சிகள்

பொன்னாடை, மாலை, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. இதற்கு நூலகம் தேவையில்லை, கல்யாண மண்டபம் போதும். மேடை போடாமல் நாற்காலியை வட்டமாகப் போடுங்கள்.

மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம், ஒரே ஒரு சிறுகதை. முன்கூட்டியே படித்து வரச் சொல்லாதீர்கள், படிக்க நேரமில்லாதவர் அதனாலேயே வராமல் நின்றுவிடுவார். அங்கேயே ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், பிறகு பேசலாம். முதல் கேள்வி "இதில் உங்களுக்குத் தெரிந்த ஆள் யாராவது வருகிறாரா?" என்று இருந்தால், எழுத்தறிவே இல்லாத பெரியவரும் பேச ஆரம்பிப்பார். அதிகம் பேசுகிற ஆசிரியர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார், அவரைப் பணிவாகக் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.

கேட்டுக்கொண்டே வேலை செய்ய முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லி, கேட்டபடியே பீடி சுற்றியிருக்கிறார்கள். அதே போல, தோவாளையில் பூ கட்டுகிற இடத்துக்கே போய் அரை மணி நேரம் கதை வாசிக்கலாம், அவர்கள் கை நிற்காது, காது நம்மிடம் இருக்கும்.

பிள்ளைகளுக்கு வாராவாரம் கதை நேரம், இருபது நிமிடம் போதும். பரிசு, போட்டி, முதலிடம் எதுவும் இதில் வேண்டாம். அதையெல்லாம் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறது. பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், தனியாக ஒருவர் மட்டும் என்பது எப்போதும் கூடாது. பெண்பிள்ளைகள் இருட்டும் முன், கடைசி பஸ்ஸுக்கு முன் வீடு சேரும்படி முடியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்களுக்கு அமைதி வேண்டும், பிள்ளைகளுக்குச் சத்தம் வேண்டும், எனவே இருவருக்கும் வேறு வேறு நாள் கொடுத்துவிடுங்கள், சண்டை வராது.

நாள் தேடினால் ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். நவம்பர் 1 நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், அன்று பழைய ஆட்களை அழைத்து அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கலாம்.

குழுவும் பணமும்

நாலு பேரிடம் சாவி இருக்கட்டும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கதவு திறக்கும். குழுவில் பாதிப் பேர் பெண்கள், ஒருவராவது பதினெட்டு வயதைத் தாண்டாத பிள்ளை. வரவு செலவை மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள். பெரிய நன்கொடை வரத் தொடங்கினால் 1975 ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளுங்கள், குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு அவசரமில்லை.

மூன்று மாதம் கழித்து

ஒரு நாள் குழுவாக உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிச் சந்தோஷப்படுவதற்கு முன், இரண்டாவது புத்தகம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். முதல் புத்தகம் ஆர்வத்தில் எடுப்பது, இரண்டாவதுதான் பழக்கத்தின் ஆரம்பம். பிறகு தெரு என்ற கட்டத்தை மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஊரில் உள்ள எந்தத் தெருவின் பெயர் அதில் ஒரு தடவைகூட வரவில்லை?

1931 இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் யோசனையோடு மன்னார்குடியில் ஒரு மாட்டுவண்டி நிறையப் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நமக்கு மாட்டுவண்டி வேண்டாம், பூட்டில்லாத ஒரு தகரப் பெட்டியும் முப்பது புத்தகமும் போதும். அந்தத் தெருவில் எல்லோரும் வந்து போகிற ஒரு வீட்டுத் திண்ணையில், அந்த வீட்டுச் சேச்சியிடம் கேட்டு, பெட்டியை வையுங்கள். கூடவே ஒரு நோட்டும் நூலில் கட்டிய பேனாவும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ப் புத்தகங்களை மாற்றுங்கள். போகும்போது, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு நூலகம் திறந்தால் அவர்களுக்கு வர வசதிப்படும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.